116 ஏக்கர் மக்கள் பூங்கா எப்படிக் கரைந்தது? இருக்கிற பூங்காவைக் காக்க எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் பெரிய பூங்கா இருந்ததாகச் சொல்கிறார்களே, அது என்ன ஆயிற்று? எங்கள் பகுதிப் பூங்காவுக்கும் அந்தக் கதி வராமலிருக்க என்ன செய்யலாம்?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: அதை எந்த ஆக்கிரமிப்பாளரும் வளைத்துப் போடவில்லை. மண்டபம், சந்தை, அலுவலகம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம் என்று ஊருக்குத் தேவையான காரியங்களுக்காகவே நூறு ஆண்டுகளுக்கு மேல் துண்டு துண்டாகக் கொடுத்து முடித்தார்கள். கொடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் நியாயம் இருந்தது. மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. இரண்டாம் பாதிக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது என்பதால் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சார்லஸ் டிரெவல்யன் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். கல்கத்தா அரசின் வருமான வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததால் அடுத்த ஆண்டே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கி வைத்ததுதான் மக்கள் பூங்கா, அன்றைய பேச்சில் ‘பீப்பிள்ஸ் பார்க்’. 116 ஏக்கர் பரப்பு, பதினொரு குளங்கள், ஏறத்தாழ ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பேண்டு வாத்திய மேடை, பொதுக் குளியல் துறை, டென்னிஸ் ஆடுகளங்கள் என்று அது இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதன் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் 1855 வாக்கில் சேர்த்து வைத்திருந்த விலங்குகளும் 1863இல் இங்கே வந்தன. அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’ என்று சென்னைவாசிகள் பெயர் வைத்தது அப்படித்தான். பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்ற பெயர்களில் வரும் ‘பார்க்’ இதுவே. 1873இல் கட்டப்பட்ட சென்ட்ரல் நிலையம் மட்டும் இந்தப் பூங்காவில் எழுந்ததன்று, அது ஜான் பெரேராவின் தோட்டம் இருந்த இடம்.

பதினொரு குளங்கள் என்பதை அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூவத்துக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அருகே உள்ள தாழ்வான நிலம் அது. 10 செ.மீ. மழை பெய்தால் 116 ஏக்கரில் விழும் தண்ணீர் ஏறத்தாழ 4.7 கோடி லிட்டர். குளமும் வெறும் மண்ணும் அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். கூரையும் தாரும் உடனே தெருவுக்குத் தள்ளிவிடும்.

இனி துண்டுகள் போன கதை. விக்டோரியா பப்ளிக் ஹால் என்ற நகர மண்டபத்துக்கு 1883இல் அடிக்கல் நாட்டினார்கள். வரைந்தவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 57 கிரவுண்டு, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலம், நாமமாத்திர வாடகையில் 99 ஆண்டுக் குத்தகையாக அறங்காவலர்களுக்குப் போனது. 1886ஆம் ஆண்டின் கடைசி நாளில் பூங்காவில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பூங்காவைத் திருவிழா மைதானமாக வாடகைக்கு விடும் பழக்கம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 1898இல், பழைய பிராட்வே சந்தைக்கு மாற்றாக மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்டது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர் அதற்கு. 1913இல் ரிப்பன் மாளிகை வந்தது. பூங்காவைக் காக்க வேண்டிய மாநகராட்சியே பூங்காவுக்குள் குடிபுகுந்ததும் இப்படித்தான். பிறகு கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட் நடந்த அந்த இடத்தில் 1993இல் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடம் பூங்காவாகத் திரும்பவில்லை. புறநகர் ரயில் நிலையமாகி, ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. கடையிழந்த வியாபாரிகளுக்கு மாற்று இடம் வேண்டுமே! பூங்காவின் அல்லிக்குளம் இருந்த இடத்தில் வணிக வளாகம் கட்டினார்கள். ஒரு துண்டு போனதால் ஏற்பட்ட பிரச்சினையைத் தீர்க்க அடுத்த துண்டு போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சென்னையில் கிடையாது. அதே 1985இல் மிருகக்காட்சிசாலையும் வண்டலூருக்கு மாறியது. விலங்குகளுக்கு அது பெரிய விடுதலை, அதில் ஐயமில்லை. ஆனால் அவை காலிசெய்த நிலம் இனி என்னவாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சட்டப்படி எழுதி வைத்திருக்க வேண்டும். பயன்பாடு நின்றுபோன நிலம் ‘காலி இடம்’ என்று பெயரெடுக்கும். காலி இடத்தைக் கேட்க எந்தத் துறையும் கூச்சப்படாது. இன்று பூங்காவாக மிஞ்சியிருப்பது முக்கியமாக மை லேடீஸ் கார்டன்.

இதே கணக்கை கிண்டியில் போட்டுப் பாருங்கள். அரசு 1821இல் வாங்கிய கிண்டி லாட்ஜும் சுற்றியுள்ள காடுமாகச் சுமார் 505 ஹெக்டேர் இருந்தது. 1910இல் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். அப்படியிருந்தும் ஐ.ஐ.டி., காந்தி மண்டபம் உள்ளிட்ட நினைவகங்கள் என்று இங்கேயும் துண்டுகள் போயின. 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிஞ்சியது 270 ஹெக்டேர். அந்த 270 இன்னும் அப்படியே இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்ட பூங்காவின் எல்லையை, தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் மாற்ற முடியாது என்பதே முதல் காரணம். புள்ளிமானும் வெளிமானும் அழகாக இருப்பதால் மட்டும் அந்தக் காடு பிழைக்கவில்லை. மக்கள் பூங்காவுக்கு அப்படியொரு பூட்டு போடப்படவே இல்லை.

போன இடம் திரும்பியதும் உண்டு, அபூர்வமாக. கதீட்ரல் சாலையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த நிலத்தில் 1962 முதல் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் நடந்தது. 2008இல் அது மூடப்பட்டு, 2010இல் 20 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. எதிர்ப்புறம் 2024இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்தது. அடையாறு கழிமுகத்தில் கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த 58 ஏக்கர், 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே குப்பையை வாரி, சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்து, நிலத்தை மறுபடி குடைந்து நீர்நிலையாக்கிய பிறகே நடவு. பூங்காவைக் காப்பதைவிட மீட்பது பல மடங்கு செலவு என்பதை அந்த வேலையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

உங்கள் பகுதிப் பூங்கா என்றால் அநேகமாக அது ஒரு மனைப்பிரிவில் ‘பூங்கா’ என்று ஒதுக்கி மாநகராட்சிக்கு ஒப்படைத்த நிலமாக இருக்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீத நிலத்தை இப்படித் திறந்தவெளியாக விட்டுத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். ஓட்டை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

மூன்று விதமாகக் கோளாறு வரும். ஒன்று, வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருப்பார்கள், தானப் பத்திரம் பதிவாகியிருக்காது. மனை போட்டவரின் வாரிசு இருபது ஆண்டு கழித்து அதை விற்க வருவார். இரண்டு, பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் நகர நில அளவைப் பதிவேட்டில் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். பழைய உரிமையாளர் பெயரே தொடரும், வங்கிக் கடன்கூட வாங்கலாம். மூன்று, பெயர் மாநகராட்சிக்கு மாறியிருக்கும், வகைப்பாட்டில் பூங்கா என்று இருக்காது, வெறும் சர்க்கார் நிலம் என்றிருக்கும். நீரேற்று நிலையமோ வார்டு அலுவலகமோ கட்ட இடம் தேடுகிறவர்களின் கண் முதலில் விழுவது இந்த மூன்றாம் வகையின் மேல்தான்.

ஆகவே கையில் சேர்க்க வேண்டியவை: அனுமதிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் (சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் எண்ணோடு), தானப் பத்திரத்தின் எண்ணும் நாளும், நகர நில அளவைப் பதிவேட்டுப் பகுதி, புல வரைபடம், அந்த டவுன் சர்வே எண்ணுக்கு எவ்வளவு பின்னோக்கி முடியுமோ அவ்வளவு ஆண்டுக்கு வில்லங்கச் சான்று. இவை கிடைத்ததும் நேரே பூங்காவுக்குப் போய் 30 மீட்டர் டேப்பால் நான்கு பக்கமும் அளந்துவிடுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. காகிதத்தில் உள்ள பரப்புக்கும் மதில் சுற்றிய பரப்புக்கும் வித்தியாசம் இருந்தால், ஒட்டியுள்ள வீட்டின் கார் கொட்டகையிலோ மின்மாற்றி வேலியிலோ அது இருக்கும். மதில் என்பது எல்லைக்கு ஆதாரம் ஆகாது. அது எங்கே கட்டச் சௌகரியமோ அங்கே கட்டப்பட்டிருக்கும்.

மாநகராட்சியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது ‘ஏன் கட்டினீர்கள்’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விகளைத் தகவல் வரையறைக்குள் வரவில்லை என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிர்வாக அனுமதி ஆணை, திட்ட அனுமதி, மன்றத் தீர்மானம். குத்தகை, உரிமம், பராமரிப்பு ஒப்பந்தம் எதுவானாலும் அதன் முழு நகல், தொடங்கும் நாள், முடியும் நாள். பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டினால் போதும். குத்தகை முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குத்தகை பெரும்பாலும் சத்தமில்லாமல் நீளும், நீட்டித்த பிறகே ஊருக்குத் தெரியவரும்.

சட்டத்தில் கைப்பிடிகள் உண்டு. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1959இலேயே வந்தது. உள்ளாட்சி அமைப்பு பூங்காக்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், பட்டியலில் உள்ள இடத்தை முன் அனுமதியின்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். உங்கள் பூங்கா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி. அடுத்தது முழுமைத் திட்டம், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் ‘மாஸ்டர் பிளான்’. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் ‘திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு’ என்று தனி உபயோக வகை உண்டு. பூங்கா அந்த வகையில் குறிக்கப்படாமல் சுற்றியுள்ள குடியிருப்போடு சேர்த்துக் குறிக்கப்பட்டிருந்தால், உபயோக மாற்றம் தேவைப்படாமலே கட்டடம் எழும்பும். 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் உங்கள் சர்வே எண் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். தவறாக இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கக் குறித்த நாளுக்குள் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ச்சொல் எந்தக் கோப்பிலும் ஏறாது.

நீதிமன்றம் வரை போனால் துணைக்கு வரும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு. 1991இல் வந்தது பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு. மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் வழக்குப் போடத் தகுதியுடையவர்கள் என்றது அது. 1999இல் வந்தது எம்.ஐ. பில்டர்ஸ் வழக்கு. லக்னோவில் ஒரு பழைய பூங்காவுக்கு அடியில் கட்டிய நிலத்தடிக் கடை வளாகத்தை இடித்து, பூங்காவைப் பழையபடி ஆக்கச் சொன்னது. ‘மருத்துவமனையும் பொது நன்மைதானே’ என்ற வாதத்துக்கு முதல் தீர்ப்பும், ‘கட்டி முடித்தாயிற்று, இனி என்ன செய்வது’ என்ற வாதத்துக்கு இரண்டாவதும் பதில். சென்னையில் இந்த இரண்டு வாதங்களையும்தான் அதிகம் கேட்கலாம்.

மதிலுக்குள் நடப்பது

காகிதம் சரியாக இருந்தும் பூங்கா செத்துப்போகும். அழகுபடுத்தும் பணி என்ற பெயரில் நடக்கும் சேதம் இதில் முதலிடம் பிடிக்கும்.

செம்மண்ணிலிருந்து தொடங்குவோம். புதுப்பிப்பு என்றாலே லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, ஒரு அடி உயர்த்தி, அதன்மேல் புல் விரிப்பது வழக்கமாகிவிட்டது. பெரிய மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள் கிடக்கும். அவற்றின்மேல் 15–20 செ.மீ. மண் ஏறினாலே காற்றோட்டம் குறையும். அடிமரத்தைச் சுற்றி மண் அணைந்தால் பட்டை ஈரத்தில் அழுகும். மரம் உடனே சாகாது. மூன்று முதல் ஐந்து ஆண்டில் உச்சிக்கிளை காய்ந்து, ஒரு மழைக்காலத்தில் சாய்ந்துவிடும். அதற்குள் ஒப்பந்ததாரர் மாறியிருப்பார். ‘மரத்துக்கு வயசாயிடுச்சு சார்’ என்று சொல்வார்கள். சோதிப்பது எளிது: அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் வேர்கள் புடைத்து விரிந்திருக்க வேண்டும். மின்கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால் மரத்தைப் புதைத்திருக்கிறார்கள் என்று பொருள். கையால் மண்ணை விலக்கி அந்தப் புடைப்பு தெரியும்வரை எடுத்துவிட வேண்டும், கடப்பாறை போடக் கூடாது.

அடுத்தது நடைபாதை. மரத்தைச் சுற்றி எவ்வளவு இடத்தைத் தொடக் கூடாது என்பதற்கு நடைமுறையில் உள்ள கணக்கு: மார்பளவு உயரத்தில் தண்டின் விட்டத்தை எடுத்து அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 50 செ.மீ. விட்டமுள்ள தூங்குமூஞ்சி மரத்துக்கு 6 மீட்டர் ஆரம். இந்த வட்டத்துக்குள் பள்ளம் தோண்டி கெர்ப் கல் (பாதையின் ஓரக்கல்) வைப்பது, மின்வயர் புதைப்பது, காரைத் திண்ணை கட்டுவது எல்லாமே வேரை அறுக்கும் வேலை. பாதை அந்த வழியாகத்தான் போக வேண்டுமென்றால் தோண்டாமல், இருக்கும் தரையின்மேல் ஜல்லியும் கிராவலும் மெல்லியதாகப் பரப்பிப் போடலாம், தண்ணீர் இறங்கும். அடிமரத்தைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டருக்குச் சிமென்ட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டில்லிக்குச் சொன்னது குறைந்தபட்ச அளவு. அதைக் காட்டி ஒரு மீட்டர் விட்டாயிற்று என்று நிறைவடைவதற்கில்லை. எட்டுப் போடும் பாதை, உடற்பயிற்சிக் கருவிகளின் தளம், ரப்பர் விரிப்பு, செல்ஃபி மேடை என்று ஒவ்வொன்றும் நூறு சதுர அடிதான். கூட்டினால்தான் விஷயம் தெரியும். 500 மீட்டர் நீளத்தில் 2 மீட்டர் அகலப் பாதை போட்டால் 1,000 சதுர மீட்டர், கால் ஏக்கர் போய்விட்டது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது வேரோடு சாய்ந்தவற்றில் குல்மோஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு வகைகள் ஏராளம். அந்தப் பட்டியலை வைத்து ‘அயல் மரம் எல்லாமே மோசம்’ என்று முடிவுகட்டுவது பாதி உண்மை. வேர் ஒரு பக்கம் சாலைப் பள்ளத்தில் அறுபட்டு, மறுபக்கம் சிமென்டில் அடைபட்டு நிற்கும் மரம் வேம்பாக இருந்தாலும் சாயும். ஆனால் புதிதாக நடும்போது தேர்வு நம் கையில் இருக்கிறது. கடலோரச் சென்னைக்குப் புன்னை, பூவரசு, புங்கம், நாவல், மகிழம், இலுப்பை, வேம்பு பழகியவை. நீர் நிற்கும் இடத்துக்கு மருதம். கொஞ்சம் இடமிருந்தால் இந்தக் கடற்கரையின் சொந்தக் காடான வறண்ட பசுமைமாறாக் காட்டு வகைகளான காசான், வீரை, பாலை ஆகியவற்றைக் கூட்டமாக நடலாம். மெதுவாகத்தான் வளரும், ஆகவே திறப்பு விழாப் படத்தில் எடுப்பாக இராது. நர்சரி ஒப்பந்தங்களில் இவை இடம்பெறாததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

நடும் முறை: மூன்றடிக்கு மூன்றடி குழி, ஆழம் வேர்ப்பந்தின் உயரமே போதும், களிமண் என்றால் அடியைக் கொத்தி இளக்குங்கள். பையைப் பிரித்ததும் வேர் சுருண்டு வளையம் வளையமாக இருந்தால் அந்த வளையங்களை வெட்டிவிட வேண்டும். விட்டால் பத்து ஆண்டு கழித்து அதே வேர் தண்டையே நெரிக்கும். இரண்டு பக்கமும் குச்சி நட்டுச் சணல் கயிற்றால் தளர்த்திக் கட்டுங்கள், காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும். முதல் ஆண்டு வாரம் இரு முறை 15–20 லிட்டர் தண்ணீர். சருகை நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பலாம், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. இரும்புக் கூண்டை மூன்றாம் ஆண்டு கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்த கூண்டு பட்டைக்குள் புதைந்து நிற்பதைச் சென்னையின் எந்தச் சாலையிலும் பார்க்கலாம்.

கிளை கழிப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக்கு முன். தடித்த கிளையை ஒரே வெட்டாக வெட்டினால் பாரத்தில் முறிந்து பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு வரும். ஆகவே மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு; அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக; மிஞ்சிய முளையைக் கிளை தொடங்கும் இடத்திலுள்ள புடைப்பை ஒட்டி, புடைப்பைத் தொடாமல். தாரோ பெயின்டோ பூச வேண்டியதில்லை, அந்தப் புடைப்பே காயத்தை மூடும். உச்சியை மொட்டையடிப்பது எல்லாவற்றிலும் மோசம். அதிலிருந்து கும்பலாகத் துளிர்க்கும் கிளைகள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், அடுத்த புயலில் அவைதான் கார்மேல் விழும். முழு மரத்தையே வெட்ட வேண்டுமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். வெட்டுகிறவர்களிடம் அந்த ஆணையைக் காட்டச் சொல்லலாம்.

தண்ணீர்க் கணக்கு போடாமல் புல்தரை போடக் கூடாது. கோடையில் புல்லுக்குச் சதுர மீட்டருக்குத் தினம் 5 லிட்டர் என்று வைத்தால் ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டர், அதாவது 9,000 லிட்டர் லாரி தினம் இரண்டுக்கு மேல். 2019 போல ஒரு கோடை வந்தால் முதலில் நிறுத்தப்படுவது இந்தத் தண்ணீர்தான், புல் மூன்றே வாரத்தில் வைக்கோல். குழந்தைகள் உருளும் இடத்துக்கு மட்டும் அருகம்புல் வைத்துவிட்டு, மற்ற இடத்தில் மரநிழலும் சருகும் போதும். கொரியன் புல் கண்ணுக்கு மெத்தை, ஆனால் மிதிபட்டால் தாங்காது. மறுபுறம், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. பெய்யும் ஊரில் ஒரு ஏக்கர் பூங்காவில் விழுவது 56 லட்சம் லிட்டர். அதைப் பிடிக்கத் தாழ்வான மூலையில் ஒரு பள்ளம் போதும், கரைச் சரிவு ஒன்றுக்கு மூன்று (ஓரடி ஆழத்துக்கு மூன்றடி அகலம்), அடியில் சிமென்ட் கூடாது. தண்ணீர் நுழையும் வாயில் வண்டல் தங்க ஒரு தொட்டி கட்டி, செப்டம்பருக்குள் அதை வாரிவிட வேண்டும். களிமண் பகுதியில் பள்ளம் மட்டும் பயன்படாது, தண்ணீர் வாரக்கணக்கில் நின்று கொசு பிடிக்கும். அங்கே பள்ளத்துக்குள் மூன்றடி விட்டமுள்ள கிணற்று உறை இறக்கி, களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும்வரை ஆழப்படுத்த வேண்டும். பல இடங்களில் பத்தடியோடு நிறுத்தி மூடி போட்டுவிடுவதால்தான் ‘மழைநீர் சேகரிப்பு வேலை செய்யவில்லை’ என்ற பேச்சு வருகிறது.

பூங்காவுக்கு அடியில் மெட்ரோ நிலையம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா சான்று. 2011இல் மூடியது 2023இல்தான் திறந்தது. நிலையக் கூரையின்மேல் எவ்வளவு மண் போடுகிறார்களோ அவ்வளவுக்குத்தான் மரம். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் புதரும் பூஞ்செடியும்தான் வைக்கலாம். எனவே பணி தொடங்குமுன் கேட்டு வாங்க வேண்டிய எண்கள்: கூரைமேல் மண்ணின் ஆழம், வெளியே நிற்கப்போகும் காற்றுக் குழல்களும் வாயில்களும் அடைக்கும் பரப்பு, ஒப்படைக்கும் நாள். தற்காலிகமாக எடுத்த இடத்தின் வரைபடத்தில் எல்லைக் கற்களின் அளவும் இருக்க வேண்டும், திரும்பி வரும்போது அதே கற்களிலிருந்து அளந்துதான் வாங்க வேண்டும்.

பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்று. அதன் நகலை வாங்கிப் பாருங்கள். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எத்தனை நாளுக்கொரு முறை களை எடுப்பு என்று இருக்கும். சருகை எரிக்கக் கூடாது, பூங்காவுக்குள்ளேயே மக்கவைக்க வேண்டும், ஆணி அடித்த விளம்பரப் பலகையை அகற்ற வேண்டும் என்ற வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லாத வேலையைச் செய்யவில்லை என்று காவலாளியிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அடுத்த டெண்டருக்கு முன் மண்டல அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். உடனடிப் புகார் என்றால் 1913. ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டே மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணாகவும் இருக்கிறது. அவர்கள் தரும் புகார்ப் பதிவு எண்ணைக் குறித்து வைத்து, மரம் வெட்டு போன்ற அவசரமென்றால் தேதி தெரியும் படத்தோடு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்கள் உண்டு. உங்கள் பூங்காவின் படத்தை ஐந்து ஆண்டு இடைவெளியில் எடுத்து அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் கூரை, சிமென்ட், மண், நிழல் நான்கையும் நான்கு நிறத்தில் அடித்து, பக்கத்தில் அந்தந்த ஆண்டு வந்த கட்டடத்தின் பெயரையும் யார் கொடுத்த அனுமதி என்பதையும் எழுதுங்கள். மன்ற உறுப்பினரிடமோ நீதிமன்றத்திலோ நாற்பது பக்க மனுவைவிட இந்த ஒரு தாள் வேகமாகப் பேசும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிட வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்றாட வேண்டிவரும், இல்லையென்றால் புது மனு போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.